வெளிப்பக்கம் திருப்பிய கதவு

முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நல்ல பழக்கம் இருக்கிறது. யாருடைய பேச்சையும் கேட்காமல், சொந்தமாக யோசித்து, முழு மனதோடு நான் செய்த காரியங்கள் இதுவரை மூன்று. முதலாவது, தலை வகிடை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியது. இரண்டாவதை எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள். மூன்றாவது, எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் வாசல் கதவை, உள்ளே திறந்துகொண்டிருந்த அந்த அப்பாவிக் கதவை, வெளியே திறக்கும்படி திருப்பி வைத்தது.

கதவு எந்தப் பக்கம் திறந்தால் என்ன என்று கேட்பவர்கள் பெரிய வீட்டில் பிறந்தவர்கள். எங்களுடையது கொச்சங்காடியில் ஒரு சந்து. இருபுறமும் பாண்டிகசாலைகள், அதாவது மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிற கிடங்குகள். அவற்றுக்கு நடுவே ஒட்டி ஒட்டி ஐந்து வீடுகள். முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு சமையல்கட்டு, அதற்குப் பின்னால் இன்னொரு கிடங்கின் சுவர். கொல்லைவாசல் கிடையாது. போக வர அந்த ஒரே கதவு. பக்கத்தில் நெருக்கமாக மரக்கம்பி அடித்து அழி போட்ட ஒரு ஜன்னல். அவ்வளவுதான் அரண்மனை.

கதவு ஒற்றைப் பலகை. ஆஞ்ஞிலி மரம், ஆள் பலம் வேண்டும் தள்ளுவதற்கு. அது உள்ளே திறந்தால் அறையில் கால்வாசியைப் பெருக்கிக்கொண்டு போய்ச் சுவரில் சாயும். அந்தக் கால்வாசியில்தான் வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்தில்தான் என் மனைவி தையல் மெஷினைப் போட்டிருந்தாள். ஆகவே யார் வந்தாலும், பால்காரர் வந்தாலும், நான் வந்தாலும், முதலில் உள்ளே மெஷின் நகர்கிற சத்தம் கேட்கும். பிறகுதான் கதவு.

"இன்னைக்குப் பதினேழு தடவ நகத்தியாச்சு" என்பாள் சாயங்காலம். அவள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. நான் இங்கேயே பிறந்தவன். என் தமிழில் பாதி மலையாளம் என்று அவள் சிரிப்பாள். வந்த நாலே வருஷத்தில் என்னைவிட நன்றாக மலையாளம் பேசவும் செய்தாள். 

அந்தக் கோடையில் அவளுக்கு ஒரு ஆர்டர் வந்தது. பக்கத்துத் தெருவில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேருகிற முப்பது பெண் குழந்தைகளுக்கு வெள்ளைச் சட்டை, நீலப் பினஃபோர். அதுவரை ரவிக்கையும் தலையணை உறையும் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது கலெக்டர் வேலை மாதிரி. பெரிய சிஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை மூன்று மணிக்குக் குழந்தைகள் தாய்மாரோடு வருவார்கள். இவளும் ஊசி நூலோடு வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் போட்டுப் பார்த்து, நீளம் குட்டை சரிசெய்து கொடுக்க வேண்டும். சரியாக நடந்தால் வருஷா வருஷம் இவளுக்கே. நடக்காவிட்டால் எர்ணாகுளத்தில் ஏற்கெனவே ஒரு தையல்காரர் காத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் மூன்று தடவை சிரித்தாள். நான் எதுவும் சொல்லாமலே. அதனால்தான் எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அங்கேதான் வினை.

நான் எதிர்ப் பாண்டிகசாலையில் குமாஸ்தா. எந்த மூட்டை எந்த அடுக்கு, எது முதலில் வெளியே போக வேண்டும் என்று சொல்வதும், மூட்டையில் கறுப்பு மையால் குறி போடுவதும் என் வேலை. பாண்டிகசாலைக் கதவுகள் எல்லாம் வெளியேதான் திறக்கும். உள்ளே அடுக்கு சரிந்து கதவின் மேல் விழுந்துவிட்டால், உள்ளே திறக்கிற கதவை அசைக்க முடியாது. கூரையைப் பிரித்துத்தான் இறங்க வேண்டும். பத்து வருஷம் அந்தக் கதவுகளையே பார்த்துப் பார்த்து, உலகத்தில் கதவு என்று ஒன்று இருந்தால் அது வெளியேதான் திறக்க வேண்டும் என்கிற ஞானம் எனக்கு வந்துவிட்டிருந்தது. எங்கள் வீட்டில் மூட்டை அடுக்கு எதுவும் இல்லை என்பது ஏனோ தோன்றவில்லை. சரிந்து விழுகிற அளவுக்கு அங்கே இருந்த ஒரே பொருள் நான்தான்.

சாயாக்கடையில் விஷயத்தைப் போட்டேன். கட்சி இரண்டாகப் பிரிந்தது. வெளியே திறந்தால் வருகிற லக்ஷ்மியைத் தள்ளிவிடுகிற மாதிரி ஆகும் என்றார் ஒருவர். அவர் வீட்டுக் கதவு உள்ளேதான் திறக்கிறது, லக்ஷ்மி இதுவரை எட்டிப் பார்த்ததில்லை என்று எடுத்துச் சொன்னேன். அதோடு அவர் எனக்குச் சாயா வாங்கிக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். 

எங்கள் வரிசையில் கடைசி வீடு ஆசாரியுடையது. அவர் கதவைச் சுற்றி வந்தார், தட்டினார், தலையைச் சொறிந்தார்.

"சாரே, வெளியே திறந்நால் விஜாகிரி மொத்தம் வெளியிலாகும். கள்ளன் வந்நு ஆணி ஊரியால் கதவு அவன்றெ கையில்."

விஜாகிரி என்றால் கீல். கீலின் ஆணிகள் தெருப்பக்கம் போய்விடும், திருடன் அதை உருவினால் கதவே அவன் கையில் என்கிறார்.

"உள்ள வந்து எதை எடுப்பான் ஆசாரி? என்னையா?"

"அது ஞான் ஓர்த்தில்ல" என்றார். அதை அவர் யோசிக்கவில்லையாம். உளியை எடுத்தார்.

ஒரே பகலில் வேலை முடிந்தது. மெஷின் வெளிச்சத்தில் நிரந்தரமாகக் குடியேறியது. மனைவி உட்கார்ந்து கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தாள், எதுவும் இடிக்கவில்லை. "பரவாயில்லையே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் வாங்கிய அதிகபட்ச மார்க் அது.

இடிபட்டது மற்றவர்கள்தான். சந்து அகலம் குறைவு. நடப்பவர்கள் மழைக்கும் வெயிலுக்கும் கூரை ஓரமாக வருவார்கள். முதல் வாரத்தில் மீன்காரச் சேச்சியின் கூடையிலிருந்து அரைக் கூடை மத்தி எங்கள் படியில் கொட்டியது. அவர் என் பரம்பரையைப் பற்றிச் சொன்ன தகவல்களில் சில எனக்கே புதிது. அதற்குப் பிறகு கதவைத் திறக்கும் முன், "கதவு வருதே!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திறப்பேன். ரயில் வருகிற மாதிரி. விருந்தாளி வந்தால் இன்னும் கஷ்டம். அவர் படியில் நிற்பார். நான் உள்ளேயிருந்து, "வாங்க வாங்க" என்று கதவாலேயே அவரைச் சாக்கடைப் பக்கம் தள்ளுவேன். என் மச்சான் ஒருமுறை அப்படி வரவேற்கப்பட்டு, அடுத்த தடவையிலிருந்து ஜன்னலிலேயே விஷயத்தைப் பேசிவிட்டுப் போனார். அதை மட்டும் நான் இந்தக் கதவின் நல்ல பலன்களில் சேர்த்துக்கொண்டேன்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. எடவப்பாதி என்கிற பருவமழையும் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. அவளுக்கு உதவி செய்வதற்காக லீவு போட்டிருந்தேன். ஆறு சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். ஆறையும் அவள் பிரித்துத் திரும்பத் தைத்தாள். ஒன்றரை மணிக்குக் கடைசிப் பினஃபோரின் விளிம்பு மடித்து முடிந்தது. முப்பது ஜோடியையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டினோம். அவள் முகம் கழுவி, நல்ல சேலை உடுத்தி, ஊசிப் பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரண்டு மணி. நான் தாழ்ப்பாளை எடுத்து, "கதவு வருதே!" என்றேன்.

வரவில்லை. நாலு விரல் அகலம் நகர்ந்து, எதிலோ இடித்து நின்றது.

தோளைக் கொடுத்தேன். நின்றது. ஓடி வந்து மோதினேன். தோள்தான் நகர்ந்தது.

ஜன்னல் அழியில் முகத்தை ஒட்டிப் பார்த்தால், ஒரு உந்துவண்டி. பத்துப் பன்னிரண்டு சுக்கு மூட்டை, மேலே தார்ப்பாய், சக்கரத்துக்கு அடியில் கருங்கல். எங்கள் கூரையின் இறவாணத்துக்குக் கீழே, சுவரோடு சுவராக, கதவில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. மூட்டையில் கறுப்பு மையில் குறி. என் கையெழுத்து. சந்தேகமே இல்லை, எனக்குத்தான் 'க' கோணலாக வரும்.

எதிர்ப் பாண்டிகசாலை வாசலில் சுமட்டுத் தொழிலாளிகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நடுவில் அவர்களுடைய கன்வீனர் இக்கா, தலையில் துண்டு, கையில் பீடி.

"இக்கா! அந்த வண்டிய ஒரு முழம் தள்ளிவிடச் சொல்லுங்க!"

"பற்றில்ல சாரே. ஸமரமாணு."

"எப்பலேர்ந்து?"

"பத்து மினிட்டாயி."

ஸமரம் என்றால் வேலைநிறுத்தம். நடந்தது இதுதான். வண்டி வருகிற நேரத்தில் முதலாளியின் மருமகன், தன் அப்பா வயதுள்ள ஒரு தொழிலாளியை 'எடா' என்று கூப்பிட்டுவிட்டான். அங்கேயே வண்டியை நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேட்கிறவரை ஒரு மூட்டை அசையாது. மூட்டையை அவர்கள் தொட மாட்டார்கள். அவர்கள் தொடாத மூட்டையை வேறு யாரும் தொடவும் கூடாது. சந்தில் பத்துப் பேர் குடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் கைகூட வண்டிப் பக்கம் நீளவில்லை.

"அதுக்கு ஏன் என் வீட்டு வாசல்ல நிறுத்தணும்?" என்று கத்தினேன்.

இக்கா நிதானமாகப் புகையை விட்டார். "சாரல்லே பறஞ்ஞது? மழை வந்நால் வண்டி சாரின்றெ இறயத்து கேற்றியிடணும், சுக்கு நனையருது எந்நு."

வாஸ்தவம். மழை வந்தால் என் வீட்டு இறவாணத்தில் ஏற்றி நிறுத்துங்கள், சுக்கு நனையக் கூடாது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்தான் உத்தரவு போட்டேன். அப்போது கதவு உள்ளே திறந்துகொண்டிருந்தது. வாசலில் யானையை நிறுத்தினாலும் எனக்குக் கவலையில்லை. பிறகு கதவைத் திருப்பினேன். உத்தரவைத் திருப்ப மறந்தேன்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டேகால்.

"அழி வழியா ஒவ்வொண்ணா வெளிய குடுத்துரலாமா?" என்றேன்.

"குடுத்து? சட்டை தானா நடந்து போய்ப் பிள்ளைகளுக்கு மாட்டிக்கிடுமா? நான் போகணும்."

என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"இக்கா, உங்க ஸமரம் ஆரோட?"

"மருமகனோட."

"இவளோடயும் உண்டா?" என்று ஒரு பினஃபோரை எடுத்து அழிக்கு நேராகப் பிடித்தாள். எல்லாவற்றிலும் சின்னது அது. என் கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. "மூணு மணிக்கு இவ கான்வென்ட் வராந்தாவுல வந்து நிப்பா. இவளோட இன்னும் இருபத்தொம்பது பேரு. திங்கட்கிழம ஸ்கூல் தொறக்குது."

இக்கா எழுந்து மழையில் நடந்து வந்தார். அழிக்கு வெளியே நின்று அந்தப் பினஃபோரைப் பார்த்தார். பீடியைக் கீழே போட்டார்.

"லோடில் தொடான் பாடில்ல பெங்ஙளே. தொட்டால் நாளெ எனிக்கு இவருடெ முகத்து நோக்கான் பற்றில்ல." மூட்டையைத் தொடக் கூடாது, தொட்டால் நாளைக்குத் தன் ஆட்கள் முகத்தில் விழிக்க முடியாது என்கிறார்.

"லோட யாரு தொடச் சொன்னா? கதவு லோடா?"

இக்கா திரும்பிப் போனார். அங்கேயே நின்ற நிலையில் கமிட்டி கூடியது. கதவு சுமையா, சுமையில்லையா? ஒருவர் சுமை என்றார், எடை இருக்கிறதே. இன்னொருவர், நிலையில் மாட்டியிருக்கிறவரை அது வீடு, கழற்றினால்தான் சுமை என்றார். கடைசியில் இக்கா வந்து தீர்ப்புச் சொன்னார். கதவு சுமை இல்லை. ஆனால் அது மரம். மரத்தில் அவர்கள் கை வைப்பது முறையில்லை. அது ஆசாரியின் வேலை.

"ஆசாரியெ விளி!"

ஆசாரி மத்தியானத் தூக்கத்திலிருந்து சுத்தியலோடு வந்தார். வண்டியைப் பார்த்தார். அதைத் தொடவில்லை, அது அவர் வேலை இல்லை. வண்டி அடைத்திருந்தது தாழ்ப்பாள் பக்கத்துப் பாதியை. கீல் பக்கம் காலியாக இருந்தது. மூன்று கீலும் பளபளவென்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கள்ளனு மாத்ரமல்ல, சாரினும் உபகாரப்பட்டல்லோ" என்றார். திருடனுக்கு மட்டுமில்லை, எனக்கும் உதவிவிட்டதாம்.

மழையில் ஊறிய ஆணிகள் சுலபத்தில் வரவில்லை. ஒன்று வந்தது. இரண்டாவதற்கு விளக்கெண்ணெய் கேட்டார். அழி வழியாகக் கிண்ணத்தை நீட்டினேன். மூன்றாவதை உருவும்போது இரண்டு முப்பத்தைந்து. பிறகு கீல் பக்கத்து விளிம்பைப் பிடித்து அவர் வெளியே இழுக்க, நான் உள்ளேயிருந்து தள்ள, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வழி கிடைத்தது.

முதலில் கட்டு போனது. பிறகு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒரு கடிதம் உறைக்குள் போகிற மாதிரி நழுவி வெளியே போனாள். சேலை மடிப்புக் கூடக் கலையவில்லை. கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். தூக்கிக் கொடுக்க ஒரு தொழிலாளி கையை நீட்டி, ஞாபகம் வந்து, பின்னால் இழுத்துக்கொண்டார். கட்டு சுமைதானே.

இக்கா தன் பெரிய குடையை விரித்துக் கட்டுக்கு மேலே பிடித்தார். "குட பிடிக்கான் ஸமரமில்ல" என்றார். இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள்.

நானும் பின்னாலேயே போக வேண்டியவன். தலை போனது. ஒரு தோள் போனது. அதற்குப் பிறகு, சாயாக்கடையில் பத்து வருஷமாகத் தின்ற பழம்பொரி அத்தனையும் ஒன்று சேர்ந்து நிலையைப் பிடித்துக்கொண்டது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மழை நேராக உச்சந்தலையில் கொட்டியது.

"ஆரெங்கிலும் ஒந்நு பிடிச்சு வலிக்கணே!" என்றேன். யாராவது பிடித்து இழுங்களேன்.

மருமகனிடம் 'எடா' கேட்ட அந்தப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது லோடாணல்லோ" என்றார். "ஸமரம் கழியட்டே." ஸமரம் முடியட்டுமாம்.

சந்தே சிரித்தது. அவரும் சிரித்தார், அந்த 'எடா'வுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாராம், பிறகு சொன்னார்கள். ஆசாரிதான் கருணை வைத்து, சுத்தியல் பிடியால் வயிற்றில் ஒரு தள்ளு தள்ளி என்னை வீட்டுக்குள் அனுப்பினார்.

"சாரே, வண்டி மாறாதெ ஆணி கேறில்ல. அதுவரெ பிடிச்சோ" என்று மீதித் தூக்கத்துக்குப் போய்விட்டார்.

வண்டி நகராமல் ஆணி ஏறாது. விட்டால் கதவு சேற்றில் விழும். ஆகவே கதவின் கைப்பிடி வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று அடித்தது. இப்போது பிள்ளைகள் வந்திருப்பார்கள். நான் தைத்த பொத்தான் ஏதாவது ஒன்று அவள் கண்ணுக்குத் தப்பி அங்கே போய்த் தெறிக்குமோ என்று பயம். போட்டுப் பார்க்கையில் அந்தச் சின்னது அழுமோ என்று ஒரு பயம். மூன்றரை. மூக்கு அரித்தது. சொறிய ஒரு கையை எடுத்தேன், கதவு சாய்ந்தது, எடுத்த கையை வைத்துவிட்டு மூக்கைக் கதவிலேயே தேய்த்துக்கொண்டேன். ஜன்னலோரமாகப் போன மீன்காரச் சேச்சி இதைப் பார்த்து நின்று, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவது எனக்குப் புதிது.

நாலரைக்கு மருமகன் வந்தான். பெரியவர் முன்னால் நின்று, கேட்க வேண்டியதை, கேட்க வேண்டிய சத்தத்தில் கேட்டான். எல்லாருக்கும் சாயா வந்தது. எனக்கும் ஒரு கிளாஸ் அழிக்கு வெளியே நீட்டினார்கள். வாங்கக் கை இல்லை. பிறகு கல்லை எடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதுவரை கதவைத் தாங்கியது பாதி நான், பாதி அந்த வண்டி என்பது அப்போதுதான் தெரிந்தது. முழு ஆஞ்ஞிலியும் என் மேல் இறங்கியது. ஆசாரிக்கு ஆள் போனது; வருவதற்கு அடையாளம் இல்லை.

அந்த நேரத்தில் அவள் சந்து முனையில் வந்தாள். தலையில் கட்டு இல்லை. விரலில் ஊசி குத்திய இடத்தில் துணி சுற்றியிருந்தது. கையில் ஒரு மடித்த காகிதம், மழை படாமல் இருக்க முந்தானைக்குள். நடையைப் பார்த்தே பாதி தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எல்லாருக்கும் சரியா இருந்துச்சா?"

"நாலு பேருக்கு நீளம் குறைச்சேன். அந்தச் சின்னப் பிள்ள கழட்டவே மாட்டேன்னுட்டா. வீட்டுக்கும் அதோடயே போயிட்டா."

"சிஸ்டர் என்ன சொன்னாங்க?"

"ரெண்டாம் கிளாஸுக்கும் அளவு எடுக்கச் சொல்லிட்டாங்க." காகிதத்தைக் காட்டினாள்.

எனக்கு நெஞ்சு விம்மியது. கதவு என்று ஒன்றைத் திருப்பியதால்தானே மெஷினுக்கு இடம், இடம் கிடைத்ததால்தானே முப்பது உடுப்பு. நடுவில் நடந்த சில்லறை விஷயங்களை விட்டுவிட்டால், கணக்கு எனக்குச் சாதகமாகவே வந்தது. கதவைக் கட்டிப் பிடித்தபடியே, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, சந்தில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"அப்ப இனிமே வருஷா வருஷம் அந்த ஆர்டர் நமக்குத்தான்!"

"எனக்கு. நீங்க கதவப் பிடிங்க."